புதிய கெர்னலும் சிதைந்த திரையும்

கணிப்பொறியின் திரையில் உருவம் சிதைந்து தோன்றுமாயின், பார்ப்பவர் முதலில் ஐயுறுவது திரையைத்தான். கோடுகள் ஓடுகின்றன, எழுத்துக்கள் சாய்கின்றன, திரை ஒருகணம் வெளுத்து மறுகணம் இருள்கிறது. கண்ணுக்குத் தெரிவது திரை. ஆதலின் குற்றமும் அதன்மேலேயே சுமத்தப்படுகிறது. பள்ளியின் கணிப்பொறி அறையிலோ, வட்டார அலுவலகத்திலோ இவ்வாறு நேர்ந்தால், பேனலை மாற்றவேண்டுமென்று ஒரு குறிப்பு எழுதப்பட்டு, கருவி பழுதுபார்ப்புக்கு அனுப்பப்படுவதே வழக்கம். ஆனால் நேற்று மாலைவரை ஒழுங்காக இருந்த திரை, இயக்க முறைமையின் கெர்னல் புதுப்பிக்கப்பட்ட மறுநாட் காலையில் சிதையுமானால், பேனல் குற்றமற்றதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதற்கு மாறான ஓர் அபாயமும் உண்டு. கெர்னலில் புகுந்த பிழையினால், குற்றமற்ற பேனலே கெட்டுப்போகக் கூடும். 2022-ஆம் ஆண்டில் அத்தகைய அபாயம் ஒன்று உண்மையாகவே எழுந்து, ஆறே நாட்களில் நீக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியையும், இத்தகைய கோளாறுகளின் மூலத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறையையும் இங்கே காண்போம்.

கெர்னல் என்பது இயக்க முறைமையின் கருப்பகுதி. விசைப்பலகை, நினைவகம், வட்டு, திரை ஆகிய சாதனங்களுக்கும், உபயோகிப்பவர் இயக்கும் நிரல்களுக்கும் இடையே நின்று, ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கை அளந்து கொடுப்பது அதன் வேலை. ஒவ்வொரு சாதனத்தையும் ஆள்வதற்கென அதனுள் தனித்தனியே எழுதப்பட்ட பகுதிகள் டிரைவர்கள், அதாவது இயக்கிகள், எனப்படும். லினக்ஸ் கெர்னல் இவற்றுள் மிகப் பரவலாக வழங்குவது. சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், தடாவுக்கு அருகே, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஸ்ரீ சிட்டி தொழில் நகரத்தை உதாரணமாகக் கொள்ளலாம். முன்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ள இந்நகரில், 2015-இல் ஷியோமி கம்பெனிக்காக ஃபாக்ஸ்கான் நிறுவனம் கைப்பேசிகளைப் பூட்டியமைக்கத் தொடங்கியது. அக்கைப்பேசிகளில் இயங்கிய ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னலே. அதே நகரில் 2013-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தைப் போன்ற கல்விக்கூடங்களில் மாணவர் ஒருவர் தம் லாப்டாப்பில் லினக்ஸ் நிறுவினாலும், பள்ளியொன்றில் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் இயக்க முறைமை நிறுவப்பட்டிருந்தாலும், உள்ளே இருப்பது அதே கெர்னல்தான். ஆகவே இது ஒருசில நிபுணர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று.

கெர்னலை மாற்றினால் திரை ஏன் பாதிக்கப்படவேண்டும் என்ற வினா எழலாம். முற்காலத்தில் லினக்ஸில் திரையின் அளவையும் வேகத்தையும் நிர்ணயிக்கும் பொறுப்பு கெர்னலிடம் இல்லை. எக்ஸ் என்னும் தனி நிரலொன்று கிராஃபிக்ஸ் சாதனத்தை நேரடியாகவே ஆண்டுவந்தது. 2009 மார்ச்சில் வெளியான 2.6.29 பதிப்பில், இன்டெல் கிராஃபிக்ஸ் சாதனங்களைப் பொறுத்தவரை, இப்பொறுப்பு கெர்னலுக்குள் கொண்டுவரப்பட்டது. பிற நிறுவனங்களின் சாதனங்களும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின. இதனால் கணிப்பொறியைத் தொடக்கும்போது திரை பலமுறை மின்னி மாறுவது நின்றது. உறங்கவைத்து எழுப்புவதும் ஒழுங்குபட்டது. ஆனால் அன்றிலிருந்து கெர்னலில் நிகழும் பிழை நேரே கண்முன் வந்து நிற்கிறது.

திரையில் உருவம் எழும் விதம்

திரையில் காணும் படம் நினைவகத்தில் எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வண்ணங்களின் அளவைக் குறிக்கும் 4 பைட்டுகள் ஒதுக்கப்படுகின்றன. அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 வரிகளும் கொண்ட திரைக்கு 82,94,400 பைட்டுகள் தேவை. இதனைச் சட்டத்தேக்கம் எனலாம். ஆங்கிலவழிப் பெயர் ஃபிரேம் பஃபர். காட்சிச் சாதனம் இதனை வினாடிக்கு 60 முறை மேலிருந்து கீழாகப் படித்துப் பேனலுக்கு அனுப்புகிறது. அதாவது ஒரு வினாடியில் ஏறக்குறைய 50 கோடி பைட்டுகள் ஓய்வின்றி ஓடவேண்டும். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே கணக்கில் இருக்கும்வரை படம் சரியாக அமையும். கணக்கு சிறிது பிசகினாலும் பிசகின் தன்மை படத்திலேயே பதிந்துவிடுகிறது. சிதைவைக் கூர்ந்து நோக்குதல் இக்காரணத்தினாலேயே முக்கியமாகிறது.

பல மலிவான லாப்டாப்புகளில் திரையின் அகலம் 1366 புள்ளிகள். ஒரு வரிக்கு 5464 பைட்டுகள் போதும். ஆனால் ஒவ்வொரு வரியும் 64-இன் மடங்கான இடத்தில் தொடங்கவேண்டுமென்று பல காட்சிச் சாதனங்கள் விதிக்கின்றன. ஆகவே ஒரு வரிக்கு 5504 பைட்டுகள் ஒதுக்கப்பட்டு, கடைசி 40 பைட்டுகள் வெறுமையாக விடப்படும். இயக்கியின் ஒரு பகுதி 5464 என்று எண்ணி எழுத, மற்றொரு பகுதி 5504 என்று எண்ணிப் படித்தால் விளைவது என்ன? ஒவ்வொரு வரியும் தனக்கு மேலுள்ள வரியைவிட 10 புள்ளி இடப்புறம் நகர்ந்துவிடும். நிமிர்ந்து நின்ற சாளரத்தின் ஓரம் சரிந்த கோடாகும். சுமார் 137 வரிகள் கீழே இறங்குவதற்குள் படம் ஒருமுறை முழுவதும் சுற்றிவந்துவிடும். இவ்வாறு ஒரே சீராகச் சாய்ந்த படத்தைக் காணுமிடத்து, இது உடைந்த பேனலின் வேலையன்று, தவறிய கூட்டலின் வேலை என்று ஆசிரியர் ஒருவர் மாணவர்களுக்குக் கரும்பலகையிலேயே நிறுவிக் காட்டலாம். சதுரக் கட்டமிட்ட தாளில் 20 கட்டங்களுக்கு ஒரு வரி என்று எழுதிய படத்தை, 21 கட்டங்களுக்கு ஒரு வரி என்று வேறொருவரைப் படிக்கச் செய்தாலே போதும்.

ஏனைய சிதைவுகளும் இவ்வாறே தத்தம் மூலத்தைச் சொல்லுவன. வேகத்தின் பொருட்டு நினைவகம் சிறுசிறு ஓடுகளாகப் பகுக்கப்படுவதுண்டு. இன்டெல் சாதனங்களில் ஒருவகை ஓடு 512 பைட்டு அகலமும் 8 வரி உயரமும் உடையது. இப்பகுப்பில் கருத்து வேறுபாடு நேர்ந்தால் படம் இடம் மாறி ஒட்டிய தரையோடுகளைப் போலத் தோன்றும். செயலியின் இடைத்தேக்கத்திலிருந்து எண்கள் நினைவகத்துக்கு முற்றிலும் வந்துசேராவிடில், பழைய படத்தின் எச்சங்கள் குறுங்கோடுகளாக ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். இடைத்தேக்கத்தின் ஓர் அலகு பெரும்பாலும் 64 பைட்டு ஆதலின், அக்கோடுகள் 16 புள்ளி நீளத்தில் அமைந்திருப்பதை உருப்பெருக்கிப் பார்த்தால் காணலாம். காட்சிச் சாதனத்துக்கு உரிய நேரத்தில் எண்கள் வந்து சேராமல் அதன் தொட்டி வறண்டுபோனால், திரை நடுங்கும் அல்லது ஒருகணம் மறையும். இன்டெல் இயக்கி இதனை ‘ஃபைஃபோ அண்டர்ரன்’ என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு, அசையாப் படத்தைப் பேனலே தன்னிடம் வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அதில் பிழை நேர்ந்தால், தட்டிய எழுத்து தோன்றாமல், சுட்டியை அசைத்த பின்னரே தோன்றும்.

எழுத்துக்கள் பெரிதாகவும் படம் கரடுமுரடாகவும் தோன்றுவது சிதைவு ஆகாது. என்விடியா நிறுவனத்தின் இயக்கியைத் தனியே நிறுவியுள்ள கருவிகளில், அவ்வியக்கி ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகத் தொகுக்கப்படவேண்டியது. கெர்னல் புதுப்பிக்கப்பட்டு இயக்கி தொகுக்கப்படாமல் விடுபட்டால், கணிப்பொறி அடிப்படைத் திரையளவுக்கு இறங்கிவிடும். இயக்கியை மறுபடி நிறுவினால் தீரும் இவ்விஷயத்துக்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை.

முதற் சோதனைகள்

கோளாறு எங்கே என்று அறிவதற்கு முன், எங்கே இல்லை என்று அறிவது எளிது. கருவியைத் தொடக்கியவுடன், எந்த இயக்க முறைமையும் விழிப்பதற்கு முன்னர், தயாரிப்பாளரின் அமைப்புத் திரையைத் திறந்து சில நிமிடம் நோக்கவேண்டும். அங்கேயும் கோடுகள் ஓடினால் கெர்னலைக் குறைகூறுவதில் பொருளில்லை. மூடியை மெல்லச் சாய்க்கும்போது கோடுகள் மாறுமாயின், கீலின் வழியே செல்லும் கேபிளைச் சோதிக்கவேண்டும்.

அமைப்புத் திரை தெளிவாக இருப்பின், அடுத்த சோதனை பழைய கெர்னல். பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் புதிய கெர்னலை நிறுவும்போது முந்தையதை அழிப்பதில்லை. தொடக்கத்தில் தோன்றும் கிரப் பட்டியலில் பழைய பதிப்பின் எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். பழையதில் படம் தெளிந்து, புதியதில் மீண்டும் சிதையுமாயின் வழக்கின் பாதி முடிந்தது. ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்தல் கூடாது. பழையது, புதியது, மறுபடி பழையது, மறுபடி புதியது என நான்கு முறையாவது மாற்றிப் பார்ப்பது நலம். ஏனெனில் கருவி சூடேறியதால் மட்டுமே தோன்றும் சிதைவு, தற்செயலாகப் புதிய கெர்னலின் முறை வரும்போது தோன்றி ஏமாற்றக்கூடும்.

இன்னொரு சோதனை மிக எளியது. ஆனால் பலரும் அதனைத் தவறாகவே செய்கின்றனர். திரை சிதைந்திருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதனை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்கவேண்டும். அப்படத்திலும் சிதைவு இருந்தால், நினைவகத்தில் எழுதப்படும்போதே தவறு நேர்ந்திருக்கிறது. படம் தெளிவாக இருந்தால், எழுதியது சரி. படித்து அனுப்பும் வழியிலோ, கேபிளிலோ, பேனலிலோ தவறு. சிதைந்த அதே திரையில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ‘இதிலும் கோடு இருக்கிறது’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. அழுக்கான கண்ணாடியை அணிந்துகொண்டு கண்ணாடியின் புகைப்படத்தைப் பார்ப்பதற்கு ஒப்பானது அது. எச்.டி.எம்.ஐ. வழியே வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்ப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. வெளித்திரை தெளிவாக இருப்பதனாலேயே உட்புறப் பேனல் பழுது என்று முடிவுகட்ட இயலாது. இரண்டையும் கெர்னல் வெவ்வேறு வழியில் இயக்குகிறது. இதற்குத் தக்க சான்று பின்வரும் நிகழ்ச்சி.

2022-இல் நேர்ந்தது

லினக்ஸ் கெர்னலின் 5.19.12 பதிப்பு 2022 செப்டம்பர் 28 அன்று வெளியிடப்பட்டது. பிழைகளைத் திருத்துவதற்காக மட்டும் வெளிவரும் வரிசையைச் சேர்ந்தது அது. புதுமைகளைப் புகுத்தும் பதிப்பன்று. அதனை நிறுவிய சிலருடைய, இன்டெல் கிராஃபிக்ஸ் கொண்ட லாப்டாப்புகளில் திரை வெண்மையாக மின்னி மின்னி மறையத் தொடங்கியது. பழைய கெர்னலுக்குத் திரும்பியதும் மின்னல் நின்றது.

காரணம் அறிய, பேனலுக்கு மின்சாரம் ஏறும் ஒழுங்கை அறிதல் வேண்டும். லாப்டாப்பின் பேனலை ஒரே விசையில் ஏற்றி இறக்க முடியாது. முதலில் மின்னழுத்தம் தரப்பட்டு, குறித்த கால அளவு காத்திருந்து, பின்னர் படத்துக்குரிய சைகை அனுப்பப்பட்டு, மேலும் சிறிது காத்திருந்து, இறுதியிலேயே பின்விளக்கு ஏற்றப்படவேண்டும். அணைக்கும்போது இவ்வரிசை தலைகீழாகும். முற்றிலும் அணைத்தபின் மீண்டும் மின்னழுத்தம் தருவதற்கு முன் அரை வினாடி அளவு இடைவெளி விடுவது வழக்கம். திரவப் படிகங்களின்மேல் ஒரே திசையில் மின்னழுத்தம் நீடித்து நிற்றல் ஆகாது. ஆகையால் இயங்கும் பேனலில் அத்திசை இடையறாது மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒழுங்கு தவறிய ஏற்ற இறக்கம் இவ்வேற்பாட்டைக் குலைத்துவிடும். ஒவ்வொரு பேனலுக்கும் உரிய காத்திருப்பு நேரங்களைத் தயாரிப்பாளர் ஓர் அட்டவணையாகக் கருவியின் ஃபர்ம்வேரில் பதித்துவைக்கிறார். கெர்னல் தொடங்கும்போது அவ்வட்டவணையைப் படித்து அதன்படி நடக்கிறது.

இந்த அட்டவணையைப் பேனல் வாரியாகப் பிரித்துப் படிக்கும் வகையில், பிந்திய கெர்னல் பதிப்புக்கென எழுதப்பட்ட சில திருத்தங்கள் 5.19.12-க்குள்ளும் கொண்டுவரப்பட்டிருந்தன. அவை எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டனவோ அச்சூழல் பழைய பதிப்பில் இல்லை. விளைவாக, சில கருவிகளில் காத்திருப்பு நேரங்கள் பொருந்தாத எண்களாக அமைந்தன. இன்டெல் நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் பொறியாளர் வில்லே சிர்யாலா, பாதிக்கப்பட்டோர் அனுப்பிய குறிப்பேடுகளை ஆராய்ந்து, தவறான இந்நேரங்கள் பேனலுக்கே தீங்கு விளைவிக்கக்கூடும் என்று எச்சரித்தார். இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள லாப்டாப்புகளில் 5.19.12-ஐ உபயோகிக்கவேண்டாம் என்றும், அத்திருத்தங்களை உடனே திரும்பப்பெற வேண்டுமென்றும் அவர் பரிந்துரைத்தார். பழைய வரிசைகளைப் பராமரிக்கும் கிரெக் க்ரோ-ஹார்ட்மன், அக்டோபர் 4 அன்று 5.19.13 பதிப்பை வெளியிட்டார். அப்பதிப்பின் நோக்கம் இக்கோளாற்றை நீக்குவதே, 5.19.12-இல் இக்கோளாறு இல்லாதவர்கள் மாறவேண்டிய தேவையில்லை என்றும் அவர் அறிவித்தார். 5.19 வரிசை அம்மாதமே நிறைவெய்திவிட்டது. இன்று அதனை எவரும் உபயோகிக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து களப்பணியாளர் அறியவேண்டியது ஒன்று உண்டு. சாய்ந்த படத்தையும் இடம் மாறிய கட்டங்களையும் எவ்வளவு நேரமும் அமர்ந்து ஆராயலாம். அவை எண்களின் குழப்பம், பேனலைத் தொடுவன அல்ல. ஆனால் திரை முழுவதும் திரும்பத் திரும்ப வெளுத்தோ இருண்டோ மின்னுமாயின், மின்சார ஒழுங்கே தவறியிருக்கலாம். அந்நிலையில் ஆராய்ச்சி பிறகு. முதலில் கருவியை அணைத்து, பழைய கெர்னலில் தொடக்கவேண்டும். ‘இன்னும் ஒருமுறை பார்ப்போம்’ என்று மின்னும் திரையைப் பலமுறை ஏற்றி இறக்குவதை விவேகமான செயலாகக் கருத முடியாது. பள்ளிக்கு வந்த ஒரு லாப்டாப்பின் பேனல் கெட்டால், அது மாற்றப்பட்டு வருவதற்குள் கல்வியாண்டு முடிந்துவிடவும் கூடும்.

பாதியாக்கும் முறை

புதிய கெர்னலே காரணம் என்று உறுதிப்பட்டபின், அதனுள் எந்தத் திருத்தம் காரணம் என்று காணவேண்டும். ஒரு பெரிய பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது அல்லது பத்து வாரங்கள்; அதற்குள் நுழையும் திருத்தங்களோ பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது எவராலும் ஆகாது. ஆனால் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஸ்ரீ சிட்டிக்கு மேற்கே உள்ள நிலப்பகுதியின் வழியாக ஓடும் தெலுங்கு கங்கைக் கால்வாயை எண்ணிப் பார்ப்போம். கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டின் எல்லையில் உள்ள ஜீரோ பாயிண்ட்வரை அதன் நீளம் 152 கிலோமீட்டர். பாசனத்துக்காக வழியில் எடுக்கப்படும் நீரை ஒதுக்கிவைப்போம். தலைப்பில் நிறைவாகத் திறக்கப்பட்ட நீர் எல்லையில் குறைந்து வந்தால், கரையில் எங்கோ ஓர் உடைப்பு உளது. 152 கிலோமீட்டரையும் நடந்து தேடவேண்டியதில்லை. நடுவிலே, 76-ஆவது கிலோமீட்டரில், நீரை அளக்கலாம். அங்கே நிறைவாக இருந்தால் உடைப்பு கீழ்ப்பாதியில், குறைந்திருந்தால் மேற்பாதியில். மீதமுள்ள பாதியின் நடுவில் மறுபடி அளக்கவேண்டும். இவ்வாறு எட்டே அளவைகளில், தேடவேண்டிய தூரம் 600 மீட்டருக்குள் சுருங்கிவிடும்.

கெர்னலின் திருத்தங்களும் இக்கால்வாயைப் போன்று வரிசையாக அமைந்தவை. 2005-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவி அவற்றை ஒழுங்காகப் பதிந்துவைக்கிறது. அதனுடைய ‘பைசெக்ட்’ என்னும் கட்டளை பாதியாக்கும் வேலையைத் தானே கணக்கிட்டு நடத்துகிறது. நல்ல பதிப்பு எது, கெட்ட பதிப்பு எது என்று அதற்குச் சொன்னால், நடுவிலுள்ள நிலையை எடுத்துக் கொடுக்கும். அதனைத் தொகுத்து, நிறுவி, கணிப்பொறியைத் தொடக்கி, திரையைப் பார்த்து, ‘நல்லது’ அல்லது ‘கெட்டது’ என்று விடை தரவேண்டும். தொடங்கவே மறுக்கும் நிலை இடையில் வந்தால் ‘விடு’ என்று சொல்லி அடுத்ததைக் கேட்கலாம். 14,000 திருத்தங்களாயினும் 14 சோதனைகள் போதும். 2-ஐ 14 முறை பெருக்கினால் 16,384 ஆகிறதல்லவா? 5.19.12-ஐப் போன்ற சிறு பதிப்புகளில் திருத்தங்கள் மிகக் குறைவாதலால், அதைவிடக் குறைந்த சோதனைகளே தேவைப்படும். இம்முறையின் சிறப்பு, சோதிப்பவருக்குக் கிராஃபிக்ஸ் இயக்கியின் உள்ளமைப்பு ஒரு சிறிதும் தெரிந்திருக்கவேண்டியதில்லை என்பதே. பார்க்கத் தெரிந்தவர், பொறுமை உடையவர், எழுதி வைப்பவர் எவரும் செய்யலாம்.

நேரம்தான் செலவு. சாதாரண லாப்டாப்பில் முழுக் கெர்னலைத் தொகுக்க மணிக்கணக்கில் ஆகலாம். அக்கருவியில் அப்போது உபயோகத்தில் உள்ள இயக்கிகளை மட்டும் தேர்ந்து தொகுக்கும் வசதி கெர்னலிலேயே உண்டு. அது இந்நேரத்தைப் பெரிதும் குறைக்கும். தொகுக்கும் வேலையே இன்றி முதற் சில படிகளைக் கடக்கவும் வழியுண்டு. டெபியன் போன்ற வெளியீடுகள் தம் பழைய கெர்னல் தொகுப்புகளைக் காப்பகத்தில் வைத்துள்ளன. இடையிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தால், எல்லை அருகே வந்துவிடும்.

கால்வாய் உவமை பொய்க்கும் இடங்கள் சில உண்டு. உடைப்பு இரண்டாக இருந்தால் அளவைகள் குழம்பும். அதைவிட அடிக்கடி நேர்வது, கோளாறு விட்டுவிட்டுத் தோன்றுவது. மூன்று முறை தொடக்கினால் ஒருமுறை மட்டுமே சிதையும் திரையை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை தொடக்கிப் பார்த்து ‘நல்லது’ என்று எழுதினால், அது தவறாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. பத்து முறை தொடக்கியும் சிதையாவிடில், தவறும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்குகிறது. ‘கெட்டது’ என்னும் விடைக்கு ஒரு காட்சி போதும். ‘நல்லது’ என்னும் விடைக்குப் பல காட்சிகள் வேண்டும். இவ்வேற்றுமையை மறந்து இடையில் ஒரு தவறான ‘நல்லது’ சொல்லிவிட்டால், கருவி அதன்பின் தேடவேண்டாத பாதியிலேயே தேடிக்கொண்டிருக்கும். முடிவில் ஒலிச் சாதனத்தையோ வலையமைப்பையோ சேர்ந்த ஏதோ ஒரு திருத்தத்தைக் குற்றவாளியாகக் காட்டும். அத்தகைய விந்தையான முடிவு வந்தால், சுட்டப்பட்ட திருத்தத்தை மட்டும் நீக்கிக் கெர்னலை மறுபடி தொகுத்துப் பார்க்கவேண்டும். சிதைவு நீங்காவிடில், இடையில் எங்கோ விடை பிசகியிருக்கிறது.

மற்றொரு தவறு, சோதனைக்கு முன்னரே நேர்ந்துவிடுவது. புதுப்பிக்கும் நாளன்று கெர்னல் மட்டும் மாறுவதில்லை. கிராஃபிக்ஸ் சாதனத்துக்குரிய ஃபர்ம்வேர் கோப்புகளும், மேசா என்னும் வரைகலை நூலகமும் அதே வேளையில் மாறியிருக்கலாம். அன்று என்னென்ன மாறின என்பதை நிறுவல் குறிப்பேட்டில் காணலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் என்னும் விதி, உயர்நிலைப் பள்ளியின் பௌதிகச் சோதனைச் சாலையில் கற்பிக்கப்படுவதுதான். கணிப்பொறியின் முன் அமர்ந்ததும் ஏனோ அது மறந்துபோகிறது. ஒரே மாதிரியான பத்துக் கருவிகள் உள்ள பள்ளி அறை, இவ்விஷயத்தில் தனி நிபுணர் ஒருவரின் மேசையைவிடச் சிறந்தது. ஐந்தில் கெர்னலை மட்டும் மாற்றி, ஐந்தை அப்படியே விட்டுவைத்து, மாணவர்களைக் கொண்டே ஒரு வாரம் பதிவு செய்யலாம்.

தொடக்க வரியில் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைச் சேர்த்தால் சிதைவு மறைந்துவிடுவது பலருக்கும் தெரிந்த உபாயம். அச்சொல் இயக்கியின் திரையமைக்கும் வேலையையே நிறுத்திவிடுகிறது; படம் நிற்கும், ஆனால் வேகமும் வெளித்திரையும் போய்விடும். குற்றம் இயக்கியைச் சார்ந்தது என்று காட்டும் சான்றாக அதனைக் கொள்ளலாம். நிவாரணமாக ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது பொருத்தமன்று. பேனலே படத்தைத் தாங்கிக்கொள்ளும் வசதியை மட்டும் நிறுத்தும் சொல் இன்டெல் இயக்கியில் தனியே உண்டு. அதனால் சிதைவு நீங்குமாயின், பாதியாக்கும் வேலையைத் தொடங்குமுன்னரே தேடும் பரப்பு பெரிதும் சுருங்கிவிடும்.

கண்டதை எழுதி அனுப்பும் முறை பற்றியும் சிறிது கூறவேண்டும். முன்னர் ஒழுங்காக இயங்கியது புதிய பதிப்பில் கெடலாகாது என்பது கெர்னல் உருவாக்குவோர் மிகக் கண்டிப்பாகக் கொண்டுள்ள விதி. டோர்வால்ட்ஸ் பலமுறை வலியுறுத்தியது. ஆகவே ‘திரை சரியில்லை’ என்னும் முறையீடு கவனிக்கப்படாமல் போகலாம். ஆனால் ‘இந்த எண்வரை நன்று, இந்த எண்ணிலிருந்து கேடு’ என்னும் அறிக்கை அவ்வாறு போவதரிது. முதலில் தம் இயக்க முறைமையை வெளியிட்டவர்களுக்கே எழுதுதல் முறை. அவர்கள் தாமே சேர்த்த மாற்றத்தினால் கோளாறு நேர்ந்திருக்கவும் கூடும். கருவியின் மாதிரிப் பெயர், கிராஃபிக்ஸ் சாதனத்தின் பெயர், நல்ல பதிப்பின் முழு எண், கெட்ட பதிப்பின் முழு எண், இரு கெர்னல்களின் தொடக்கக் குறிப்பேடுகள் ஆகியவற்றை இணைக்கவேண்டும். திரையைக் கைப்பேசியால் எடுத்த புகைப்படமும், அதே வேளையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் ஆகிய இரண்டையும் சேர்த்தனுப்பினால், எழுதும் வழியில் தவறா, படிக்கும் வழியில் தவறா என்பதைப் பெறுபவர் முதற் பார்வையிலேயே அறிந்துகொள்வார். வெண்மையாக மின்னும் திரையைப் புகைப்படம் எடுப்பதற்காக மட்டும் மறுபடி ஏற்றவேண்டாம். அதன் குறிப்பேடு, பழைய கெர்னலில் தொடக்கியபின் வட்டிலிருந்தே கிடைக்கும்.